நுரையீரல் புற்றுநோய் மருந்தும் கிட்னியும்: தண்ணீர் எங்கே காப்பாற்றும், எங்கே காப்பாற்றாது

பெரியம்மாவின் மூன்றாவது கீமோ சைக்கிளுக்காக, அதாவது மருந்து ஏற்றும் மூன்றாவது சுற்றுக்காக, விடியற்காலை பஸ் பிடித்துப் போயிருந்தோம். ரத்தம் எடுத்து ரிப்போர்ட் கைக்கு வர ஒன்பதரை ஆகிவிட்டது. கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.5. போன தடவை 0.8. டே கேர் வார்டு சிஸ்டர் தாளைப் பார்த்தார், டிரிப்ஸ் ஸ்டாண்டை ஓரமாகத் தள்ளினார், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “வீட்டுல வேற என்ன மாத்திரைம்மா போட்டீங்க?” பெரியம்மா சுருக்குப் பையைத் திறந்து ஒரு அட்டையை நீட்டினார். முட்டிவலிக்காக ஊர் மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கிய டைக்ளோஃபெனாக். பத்தில் ஏழு காலி.

அன்றைக்கு மருந்து ஏற்றவில்லை. ஒரு வாரம் தள்ளிப்போனது.

வராந்தாவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். “கீமோ போட்டாலே கிட்னி போறதுதானே.” “நெறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க, எறங்கிடும்.” “ரெண்டுக்குள்ள இருந்தா ஒண்ணும் பண்ணாது.” நல்ல மனசோடு சொன்னதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் நுரையீரல் புற்றுநோய்க்குத் தரும் எல்லா மருந்தையும் ‘கீமோ’ என்று ஒரே பெயரில் பேசுவதால், கிட்னிக்கு வரும் எல்லாத் தொந்தரவும் ஒன்றுதான் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. உண்மையில் ஒரு மருந்துக்குத் தண்ணீர்தான் காவல். இன்னொன்றுக்கு எத்தனை குடம் குடித்தாலும் பயன் இல்லை. வேறொன்றில் கிட்னிக்கு எதுவுமே ஆகாமல் ரிப்போர்ட் மட்டும் பயமுறுத்தும். நான் டாக்டர் இல்லை. பெரியம்மாவோடு அலைந்த மாதங்களில் கேட்டும் படித்தும் புரிந்துகொண்டதை, புதிதாக இந்த வழியில் வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கிட்னி வெறும் வடிகட்டி இல்லை

கிட்னி என்றால் காபி ஃபில்டர் மாதிரி என்று பலரும் சொல்வார்கள். பாதி சரி. மீதிப் பாதிக்குப் போகிப் பண்டிகையை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டைச் சுத்தம் செய்ய முதலில் எல்லாச் சாமானையும் வாசலுக்குக் கொண்டுவருகிறோம். பிறகு வேண்டியதை மட்டும் பொறுக்கி உள்ளே எடுத்துப்போகிறோம். வாசலில் மிஞ்சுவதுதான் குப்பை.

கிட்னியும் அப்படித்தான். நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வெளியே வடிக்கிறது. ஆனால் நாம் கழிக்கும் சிறுநீர் ஒன்றரை லிட்டர் சொச்சம். மீதி முழுவதும், அதில் கரைந்திருந்த உப்பு, சர்க்கரை, மக்னீசியம் எல்லாவற்றோடும், உள்ளே திரும்பி வருகிறது. ஒவ்வொரு கிட்னியிலும் ஏறக்குறைய பத்து லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. நெஃப்ரான் என்பது ஒரு வடிகட்டி முடிச்சும் அதன் பின்னால் ஓடும் ஒரு நுண்குழலும் சேர்ந்த ஒற்றை அலகு. முடிச்சு சாமானை வாசலுக்குத் தள்ளுகிறது. நுண்குழலின் சுவரில் இருக்கும் செல்கள் வேண்டியதை உள்ளே தூக்கிப் போகின்றன. இந்தச் செல்களைச் ‘சுமைக்காரர்கள்’ என்றே இனிச் சொல்கிறேன். நம் கதையில் அடி வாங்குவது பெரும்பாலும் இவர்கள்தான்.

கிரியேட்டினின்: எண்ணைவிட ஏற்றம் முக்கியம்

தசைகள் வேலை செய்யும்போது உண்டாகும் கழிவு கிரியேட்டினின். தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டாகும், கிட்னி வழியாக வெளியேறும். கிட்னி மந்தமானால் ரத்தத்தில் தேங்கும். தெருக் குப்பைத் தொட்டி நிரம்பி வழிந்தால் வண்டி வரவில்லை என்று தெரிந்துகொள்வது போல.

இதில் ஒரு பொறி இருக்கிறது. குப்பை குறைவாக உண்டாகும் வீட்டில், வண்டி வராவிட்டாலும் தொட்டி நிரம்பத் தாமதமாகும். நுரையீரல் புற்றுநோயில் உடம்பு இளைத்துத் தசை கரைந்தவர்களுக்குக் கிரியேட்டினின் இயல்பாகவே குறைந்திருக்கும். 42 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணிக்கு 0.5-லிருந்து 1.0 ஆனால், ஆய்வகத் தாளில் அது ‘நார்மல்’ கட்டத்துக்குள்தான் இருக்கும். ஆனால் எண் இரட்டிப்பு என்றால் வடிகட்டும் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது என்று பொருள். டாக்டர்கள் ஒரு வாரத்துக்குள் ஒன்றரை மடங்கு ஏறினாலோ, 48 மணி நேரத்தில் 0.3 ஏறினாலோ திடீர்க் கிட்னி பாதிப்பு என்றே கணக்கெடுக்கிறார்கள். ‘ரெண்டுக்குள்ள’ என்ற கணக்கு யார் கிளப்பிவிட்டது என்று தெரியவில்லை.

வடிகட்டும் வேகத்துக்கு ஜி.எஃப்.ஆர் என்று பெயர். ஆரோக்கியமான இளவயதினருக்கு நிமிடத்துக்குச் சுமார் 100 மி.லி. இருக்கும். கிரியேட்டினின், வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்து இதைக் கணக்கிட்டு ரிப்போர்ட்டிலேயே அச்சிடுகிறார்கள்.

சுருக்கமாக: ஒரு தாளை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த முதல் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் வருவதை எல்லாம் அதோடு ஒப்பிடுங்கள்.

சிஸ்பிளாட்டின்: சுமைக்காரர்களைத் தாக்கும் மருந்து

பிளாட்டினம் உலோகத்திலிருந்து செய்த மருந்து இது. 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் மின்புலத்துக்கும் பாக்டீரியாவுக்கும் என்ன தொடர்பு என்று பார்த்துக்கொண்டிருந்தார். பாக்டீரியாக்கள் பிரிந்து பெருகாமல் நூல் போல நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் இல்லை, பிளாட்டினம் மின்முனைகளிலிருந்து கரைந்து வந்த சேர்மம் என்று பிறகுதான் புரிந்தது. செல் பிரிவதை நிறுத்தும் பொருள் கிடைத்தால் புற்றுநோயில் போட்டுப் பார்க்கத்தானே தோன்றும்? போட்டுப் பார்த்தார்கள். கட்டி கரைந்தது, கூடவே கிட்னியும் கெட்டது. மருந்தையே மூட்டை கட்டி வைத்துவிடலாமா என்ற நிலை. 1970-களில் மருந்துக்கு முன்னும் பின்னும் சலைன் நிறைய ஏற்றிப் பார்த்த பிறகுதான் அது தப்பியது. 1978-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

டே கேரில் கீமோ பாட்டிலுக்கு முன்னால் மணிக்கணக்காக வெறும் ‘உப்புத்தண்ணி’ ஏற்றும்போது, “சும்மா நேரத்தைப் போக்குறாங்க” என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சிஸ்பிளாட்டினைப் பொறுத்தவரை அந்த உப்புத்தண்ணியும் சிகிச்சைதான்.

சுமைக்காரச் செல்களுக்கு ரத்தக்குழாய்ப் பக்கமாக ஒரு கொல்லைப்புறக் கதவு இருக்கிறது. ரத்தத்தில் உள்ள சில கழிவுகளை இழுத்து வெளியேற்ற உள்ள கதவு. சிஸ்பிளாட்டினும் அதே கதவு வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது, அதனால் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக அந்தச் செல்களில் சேர்ந்துவிடுகிறது. ரத்தத்தில் குளோரைடு, அதாவது சாப்பாட்டு உப்பின் ஒரு பாதி, அதிகம். அது இருக்கும்வரை சிஸ்பிளாட்டின் உறைக்குள் இருக்கும் அரிவாள். செல்லுக்குள் குளோரைடு குறைவு. உள்ளே போனதும் உறை கழன்றுவிடுகிறது. புற்றுநோய்ச் செல்லுக்குள் கழன்றால் நமக்கு நல்லது. கிட்னிச் செல்லுக்குள் கழன்றால் சுமைக்காரன் சாகிறான். சலைன் இரண்டு வேலை செய்கிறது: சிறுநீரை நீர்க்கச் செய்து மருந்தைச் சீக்கிரம் அடித்துக்கொண்டு போகிறது, சுற்றிலும் குளோரைடைக் கூட்டுகிறது.

சுமைக்காரர்கள் குறைந்தால் வாசலிலேயே கிடந்து வீணாகும் சாமான்களில் முக்கியமானது மக்னீசியம். கெண்டைக்கால் பிடிப்பு, விரல் மரமரப்பு, இனம்புரியாத அசதி எல்லாம் இதனால் வரலாம். மக்னீசியம் குறைந்தால் அந்தக் கொல்லைப்புறக் கதவுகள் இன்னும் கூடிவிடுகின்றன என்று விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் சலைனிலேயே மக்னீசியம் சல்பேட்டைக் கலந்து ஏற்றுகிறார்கள். பாட்டிலில் ஊசியைக் குத்தி எதையோ கலக்கிறார்களே என்று பெரியம்மா முதல் நாள் சந்தேகமாகப் பார்த்தது இதைத்தான்.

இத்தனை ஏற்பாடு இருந்தும் சிஸ்பிளாட்டின் எடுப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரிலிருந்து மூன்றில் ஒருவர் வரை ஏதோ ஒரு அளவு கிட்னி பாதிப்பு வருகிறது. பெரும்பாலும் லேசானது, டயாலிசிஸ் வரை போவது அரிது. ஆனால் சிலருக்கு முழுக்கப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஒவ்வொரு சைக்கிளிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டும் போகலாம். மருந்து ஏற்றிய அன்றே எதுவும் தெரியாது. சில நாள் கழித்து, வீட்டில் இருக்கும்போதுதான் கிரியேட்டினின் ஏறும்.

அந்தச் சில நாட்களில் வாந்தியும் சேர்ந்துகொண்டால் நிலைமை மோசம். சிஸ்பிளாட்டின் வாந்தியில் பேர்போனது. வாந்திக்கு எழுதித் தரும் மாத்திரைகளை, “இப்பத்தான் வாந்தி வரலியே” என்று நிறுத்திவிடக் கூடாது; அவை வந்த வாந்தியை நிறுத்தத் தந்தவை இல்லை, வராமல் தடுக்கத் தந்தவை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரியம்மா மருந்து நாளன்று முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார். மூன்று மணி நேர பஸ், வழியில் போய் நிற்க ஒரு சுத்தமான கழிப்பறை இல்லை. “வர்ற வழியில எங்க கண்ணு போறது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கிட்னிக்கு அதிகமாகத் தண்ணீர் தேவைப்படும் நாளில் வறண்ட உடம்போடு வந்து படுக்கிற பெண்கள் எத்தனை பேரோ! அடுத்த சைக்கிளிலிருந்து முதல் நாளே வந்து பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். எல்லோராலும் முடியாத செலவு அது.

பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின்: வெளியே போகும் வழி

சிஸ்பிளாட்டினோடு பெரியம்மாவுக்கு ஏற்றிய இன்னொரு மருந்து பெமெட்ரெக்செட். நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகைக்கு, குறிப்பாக அடினோகார்சினோமாவுக்கு, இந்த ஜோடி வழக்கம். பெமெட்ரெக்செட் வேலை முடிந்ததும் பெரும்பகுதி கிட்னி வழியாகத்தான் வெளியேறும். வாய்க்கால் அடைத்தால் மழைத்தண்ணீர் தெருவிலேயே தேங்குவது போல, கிட்னி மந்தமானால் மருந்து உடம்பிலேயே தேங்கும். அப்போது அடி விழுவது எலும்பு மஜ்ஜையிலும் வாயிலும்: வெள்ளையணுக்கள் சரியும், வாயெல்லாம் புண்ணாகும். அதனால் வடிகட்டும் வேகம் 45-க்குக் கீழே போனால் இந்த மருந்தை ஏற்றுவதில்லை. பல மாதம் தொடர்ந்து இதை எடுப்பவர்களுக்குக் கிட்னியே மெல்லத் தேய்வதும் உண்டு. சைக்கிள்தோறும் ரத்தம் எடுப்பது அதற்காகத்தான்.

கிட்னி ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டின் தருவார்கள். அதே பிளாட்டினம் குடும்பம், கிட்னியிடம் சாது. இதன் அளவை நிர்ணயிக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மற்றக் கீமோ மருந்துகளில் உயரம், எடை பார்ப்பார்கள். இதில் ஜி.எஃப்.ஆரோடு 25-ஐக் கூட்டி, டாக்டர் தீர்மானிக்கும் ஓர் இலக்கு எண்ணால் பெருக்குகிறார்கள். இலக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஃப்.ஆர் 100 உள்ளவருக்கு 625 மி.கி.; 50 உள்ளவருக்கு 375 மி.கி. கிட்னிதான் மருந்தின் அளவையே எழுதுகிறது. ஒரே நோய், ஒரே எடை, “அவருக்கு மட்டும் ஏன் கம்மியா ஏத்துறாங்க?” என்ற பக்கத்து கட்டில் சந்தேகத்துக்கும் இதுவே பதில்.

இம்யூனோதெரபி: தண்ணீர் உதவாத இடம்

பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப், அடெசோலிசுமாப் போன்றவை நச்சு மருந்துகள் இல்லை. நம் நோய் எதிர்ப்புப் படைக்குப் போட்டிருக்கும் மூக்கணாங்கயிற்றை அவிழ்த்துவிடுகின்றன. கயிறு அவிழ்ந்த மாடு களையை மட்டும் மேயும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்? சில சமயம் கிட்னிப் பக்கமும் திரும்பிவிடும். நுண்குழல்களுக்கு இடையே எதிர்ப்பு அணுக்கள் புகுந்து அழற்சி உண்டாக்கும்.

நூறு பேரில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்குத்தான் இது வருகிறது, அதுவும் பெரும்பாலும் மருந்து தொடங்கிச் சில மாதம் கழித்து. வலி இருக்காது, சிறுநீர் அளவும் குறையாமல் இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில்தான் பிடிபடும். சிகிச்சை, மருந்தை நிறுத்திவைத்து ஸ்டீராய்டு தருவது. அதைப் பல வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். “ஸ்டீராய்டு கெடுதல்” என்று கேள்விப்பட்டு நடுவில் நாமே நிறுத்தினால் அழற்சி திரும்பி வரும், உடம்பும் தள்ளாடிப்போகும்.

நம் ஊரில் இதற்கு ஒரு கூட்டாளியும் உண்டு: கேஸ் மாத்திரை. பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் வகை மாத்திரைகள் தனியாகவே சிலருக்கு இதே மாதிரி அழற்சியைக் கிளப்பும். இம்யூனோதெரபியோடு சேர்ந்தால் வாய்ப்பு கூடுகிறது. காலையில் காபிக்கு முன்னால் பழக்க தோஷத்தில் விழுங்குகிறவர்கள், உண்மையிலேயே தேவையா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

எண் மட்டும் ஏறும் மாத்திரைகள்

கிரியேட்டினின் முழுவதும் வடிகட்டி வழியாகவே போவதில்லை. ஒரு சிறு பங்கைச் சுமைக்காரர்கள் தனிக் கதவு வழியாக வெளியே தள்ளுகிறார்கள். கிரிசோட்டினிப், கேப்மாட்டினிப் போன்ற, புற்றுநோய்ச் செல்லில் உள்ள குறிப்பிட்ட மாற்றத்தைக் குறிவைக்கும் ‘இலக்கு’ மாத்திரைகள் அந்தக் கதவை அடைத்துவிடும். எண் கொஞ்சம் ஏறும், வடிகட்டி நன்றாகவே இருக்கும். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்ற வேறொரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். பயந்துபோய் நல்ல மாத்திரையை நாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இதுவரை பார்த்தது: சிஸ்பிளாட்டின் செல்லைக் கொல்கிறது, அங்கே உப்புநீர் காவல். பெமெட்ரெக்செட் தேங்குகிறது, அங்கே அளவும் கண்காணிப்பும். இம்யூனோதெரபி அழற்சி தருகிறது, அங்கே ஸ்டீராய்டு. சில மாத்திரைகள் எண்ணை மட்டும் ஏற்றுகின்றன.

சுருக்குப் பையில் இருப்பது

டைக்ளோஃபெனாக் எப்படிக் கெடுத்தது? வடிகட்டி முடிச்சுக்கு உள்ளே வரும் ரத்தக்குழாய் ஒன்று, வெளியே போகும் குழாய் ஒன்று. தோட்டத்துக்கு ரப்பர் குழாயில் தண்ணீர் விடுவதை நினையுங்கள். மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்தால் பைப்பை நன்றாகத் திறப்போம். நுனியில் கட்டைவிரலை வைத்து அழுத்துவோம். உடம்பு வறண்டால் கிட்னியும் இதையே செய்கிறது. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பைப்பை மூடுகின்றன. ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் கட்டைவிரலை எடுத்துவிடுகின்றன. வாந்தி பேதியோ தொட்டியையே காலி செய்கிறது. மூன்றும் ஒரே வாரத்தில் சேர்ந்தால் குழாயில் வேகம் ஏது?

பெமெட்ரெக்செட் எடுக்கும்போது இந்த வலி மாத்திரைகள் இன்னொரு கெடுதலும் செய்கின்றன: அது வெளியேறும் வழியையும் மறிக்கின்றன. முட்டிவலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதையும் போடுவதற்கு முன் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். கீமோ காலத்தில் காய்ச்சல் அவசரச் செய்தி, பாராசிட்டமால் அதை மறைத்துவிடும். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வாந்தி பேதி நாட்களில் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டு மருந்து பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும். பெயர் சொல்லியே எச்சரிக்க வேண்டியவை இரண்டு: ஆடுதின்னாப்பாளை, ஈசுவரமூலி. இரண்டும் அரிஸ்டோலோக்கியா குடும்பச் செடிகள். இவற்றில் உள்ள அமிலம் இதே சுமைக்காரச் செல்களைத்தான் அழிக்கிறது. சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. ‘மூலிகைதானே’ என்று சூரணத்தைச் சிஸ்பிளாட்டினோடு சேர்த்து எடுப்பது, ஒரே ஆளை இரண்டு பக்கமும் அடிப்பது.

எத்தனை செம்பு?

சிஸ்பிளாட்டின் நாட்களில் இரண்டு லிட்டர் அளவில் குடிக்கச் சொல்வது வழக்கம், பெரியம்மாவுக்கும் அப்படித்தான். ஒரே மூச்சில் இல்லாமல், மணிக்கொரு டம்ளராக. ஆனால் இருதயம் பலவீனமானவர்களுக்கு இதே தண்ணீர் நுரையீரலில் கோத்துக்கொள்ளும்.

இன்னொரு விலக்கு பலருக்குத் தெரியாது. சிறுசெல் வகை நுரையீரல் புற்றுநோயில், கட்டியே ஒரு ஹார்மோனைச் சுரந்து கிட்னியைத் தண்ணீர் வெளியே விடாமல் செய்துவிடலாம். அவர்கள் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, உளறல், வலிப்பு வரை போகும். அவர்களுக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்வார்கள். ஒரே வார்டில் ஒருவரைக் குடி என்றும் அடுத்தவரைக் குடிக்காதே என்றும் சொல்வது இதனால்தான். பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக் காப்பி அடிக்காதீர்கள்.

இளநீரும் அப்படியே. கிட்னி நன்றாக இருக்கும்வரை நல்லது. கிரியேட்டினின் ஏறியிருக்கும்போது அதிலுள்ள பொட்டாசியம் தேங்கி இருதயத் துடிப்பையே குலைக்கலாம்.

எப்போது போன் செய்வது

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காத வாந்தி, நிற்காத பேதி, காய்ச்சல், கால் வீக்கம், இரண்டு மூன்று நாளில் எடை கிடுகிடுவென்று ஏறுவது, சிறுநீர் நுரைத்துப் போவது, அல்லது நாள் முழுக்க ஒன்றிரண்டு தடவைதான் கொஞ்சமாகப் போவது. எடையைத் தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்தால் போதும். பெரியம்மா சிறுநீரை அளக்க ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கோடு போட்டு வைத்துக்கொண்டார். இரண்டாம் நாளே சலித்துப்போய், “எத்தனை தடவைன்னு எண்ணுனா போதாதா?” என்றார். போதும் என்றார் சிஸ்டர்.

இவற்றில் எது வந்தாலும் அன்றே பேச வேண்டும். மருந்து ஏற்றுவது செவ்வாயோ புதனோ என்றால், கிட்னி தடுமாறும் நாட்கள் சரியாகச் சனி, ஞாயிறில் வந்து விழும். ஓ.பி. மூடியிருக்கும் என்று திங்கள் வரை பொறுக்காதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போய், என்ன மருந்து, எந்தத் தேதியில் ஏற்றினார்கள், முதல் கிரியேட்டினின் எவ்வளவு என்ற மூன்றையும் எழுதிய காகிதத்தை முதலில் நீட்டுங்கள்.